ஒரே மாடல், இரண்டு பிரஷ்: பேட்ஜர் முடி ஷேவிங் பிரஷ்ஷில் வித்தியாசம் பார்ப்பது எப்படி?

கையால் கட்டிய பேட்ஜர் முடி பிரஷ் ஒரே மாடலில் இரண்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் உயரமாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் குண்டாக இருக்கும், முகத்தில் வைத்தால் ஒன்று விறைப்பாகவும் மற்றது தொய்வாகவும் தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்ததுமே ஏமாந்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கைவேலையின் இயல்பு, சில சமயம்தான் உண்மையான குறை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு ஸ்கேல், முடிந்தால் ஒரு வெர்னியர் காலிப்பர், வழக்கமாகப் போடும் சோப், இவ்வளவு போதும்.

படி 1: எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேட்ஜர் என்பது முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை உள்ள, வளை தோண்டி வாழும் விலங்கு. பிரஷ்ஷுக்கான முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் 1919இல் தொடங்கி இப்போது மேன் தீவில் இயங்கும் சிம்ப்சன், 1808இலிருந்து இருக்கும் பிரான்ஸின் பிளிஸோன் என்று பழைய பிரஷ் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. கையால் கட்டுகிற முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முடியை எடை போட்டு எடுத்து, நுனி கீழே இருக்கும்படி ஒரு கிண்ண அச்சில் இறக்கித் தட்டுவார்கள், வட்டமாகவோ விசிறி போலவோ வடிவம் வந்ததும் அடியில் நூலால் இறுக்கிக் கட்டிப் பசை ஊற்றுவார்கள். நுனியை வெட்டிச் சமன் செய்வது கிடையாது, ஏனென்றால் மெலிந்து முடியும் இயற்கை நுனிதான் முகத்துக்கு மென்மை. வெட்டாமல் வடிவம் கொண்டுவர வேண்டும் என்பதால் எல்லாம் கட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது, அங்கேதான் ஓரிரண்டு மில்லிமீட்டர் கூடும், குறையும்.

படி 2: தரப் பெயரை நம்பி ஒப்பிடாதீர்கள்

ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று எழுதியிருப்பார்கள். பொதுவாக ப்யூர் என்றால் கருத்த, கொஞ்சம் முரட்டு முடி, தரம் மேலே போகப் போக மெல்லிய முடி, வெளுத்த நுனி. ஆனால் இதற்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை, ஒருவர் பெஸ்ட் என்பதை இன்னொருவர் சூப்பர் என்று விற்கலாம். ஒரே தயாரிப்பாளரிடமே வேறு வேறு தொகுதியில் வந்த முடி வேறு மாதிரி இருக்கும்.

படி 3: நனைக்கும் முன் அளந்துவிடுங்கள்

நனைத்த பிரஷ்ஷைப் பல கடைக்காரர்கள் திரும்ப வாங்க மாட்டார்கள், அதனால் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். லாஃப்ட் என்பது கைப்பிடியின் விளிம்பிலிருந்து முடியின் உச்சி வரை உள்ள உயரம், அதை ஸ்கேலால் பாருங்கள். நாட் என்பது முடிக்கட்டு, அதன் விட்டத்தைக் கைப்பிடியிலிருந்து முடி வெளிவரும் இடத்தில் காலிப்பரால், முடியை நசுக்காமல், இரண்டு மூன்று திசையில் எடுங்கள்.

எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்றால், கணக்கு அப்படி. ஒரு முடி வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் நீளத்தின் கனத்துக்கு (நீளம் × நீளம் × நீளம்) தலைகீழாகப் போகும். 52 மி.மீ. லாஃப்ட் 48 ஆனால் அந்த முடி சுமார் 27 சதவீதம் விறைப்பாகிவிடும். விட்டம் 24இலிருந்து 25 மி.மீ. ஆனால் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடும், அதே எடை முடியைப் போட்டிருந்தால் அடர்த்தி அந்த அளவுக்குத் தளரும். உயரத்தில் கொஞ்சம், அகலத்தில் கொஞ்சம் மாறினாலே இரண்டு பிரஷ்ஷும் வேறு மாடல் மாதிரி தோன்றுவது இதனால்தான்.

அப்புறம், முடியைப் பிரித்து விரலை நடுவே இறக்கிப் பாருங்கள். உள்ளே பசை மேடாக எழும்பி உறைந்திருக்கலாம். மேடு பெரிதாக இருந்தால் ஸ்கேல் காட்டும் லாஃப்ட் முழுதும் வளையாது, அளவு ஒன்றாக இருந்தும் ஒரு பிரஷ் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். என்னைக் கேட்டால், விற்பனைப் பக்கத்தில் லாஃப்ட் எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

படி 4: நனைத்து ஒப்பிடுங்கள்

புது பிரஷ்ஷில் விலங்கு வாடை வரும், பயப்பட வேண்டாம். கொஞ்சம் ஷாம்பூ போட்டு அலசி, சில நாள் நுரை கட்டிக் கழுவினால் போய்விடும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, முடிக்கும் பசைக்கும் கேடு. வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் ஊறவிட்டு, உதறி, உள்ளங்கையில் நேராக அழுத்துங்கள். எவ்வளவு விரிகிறது, கையை எடுத்ததும் எவ்வளவு சீக்கிரம் பழைய வடிவத்துக்கு வருகிறது, நுனி குத்துகிறதா, இவற்றைக் கவனியுங்கள். பிறகு அதே சோப்பில் அதே எண்ணிக்கை சுற்று சுற்றி நுரையைப் பாருங்கள். அடர்த்தியான நாட் நுரையை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும், தளர்ந்தது சீக்கிரம் முகத்துக்குக் கொடுத்துவிடும். அது பழுதில்லை, எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பழைய பிரஷ்ஷோடு ஒப்பிடுவதானால் முதலில் அதில் படிந்த சோப்பையும் உப்புத்தண்ணீரின் படிவையும் நீர் கலந்த வினிகரில் ஊறவைத்து எடுங்கள், இல்லையென்றால் ஒப்பீடு சரியாக வராது.

படி 5: எது குறை?

முதல் சில வாரம் சில முடி உதிர்வது வழக்கம். உதிர்ந்த முடியை எடுத்து நீளம் பாருங்கள். முழு நீளமாக வந்தால் கட்டிலிருந்து கழன்றிருக்கிறது, பாதியில் ஒடிந்திருந்தால் நீங்கள் அதிகமாக அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். முழு முடிகள் கொத்தாக வந்தால், வாரக்கணக்கில் நிற்காமல் வந்தால், நாட் கைப்பிடியில் ஆடினால், பக்கவாட்டில் பார்க்கும்போது முடி ஒருபுறம் சாய்ந்திருந்தால், தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். லாஃப்ட் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதற்காகச் சண்டை போடாதீர்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர் உங்களுக்கு முக்கியம் என்றால், பணம் கட்டும் முன் உங்களுக்கு அனுப்பப்போகும் அந்த பிரஷ்ஷையே அளந்து, பக்கவாட்டுப் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்.