நடிகர் சொன்ன புத்தகத்தை வாங்கும் முன்: நான் செய்த தவறுகளும் இப்போது பார்க்கிற தவறுகளும்

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான். மேலப்பாளையத்துக்காரன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உட்கார்ந்ததும் செல்போனை நீட்டி, "அண்ணாச்சி, கமல் சார் சொன்ன புக்கு எல்லாம் இதுல இருக்கு. மொத்தமா வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றான். பதினான்கு பெயர்கள் இருந்தன. வாசிக்க ஆரம்பித்த காலத்தில் நானும் இப்படி ஒரு துண்டுச்சீட்டோடு டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் கடை கடையாக அலைந்தவன்தான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறோம். பத்து வருடமாக நடக்கிறது. புத்தகத்தை இரவல் கொடுத்தால் திரும்ப வராது, அட்டைப்படத்தைப் பார்த்து ஏமாறாதே போன்றவற்றை எல்லோரும் சொல்வார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

வாட்ஸ்அப் பட்டியலை அப்படியே நம்புவது

2020-ல், கொரோனா ஆண்டில், பிக்பாஸ் நிகழ்ச்சியின் வார இறுதியில் கமல்ஹாசன் புத்தகங்களைப் பரிந்துரைத்தார். ஆல்பெர் காம்யு எழுதிய கொள்ளைநோய் நாவல் அதில் ஒன்று. 1947-ல் வந்த நூல். அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் நோய் பரவி, ஊரையே பூட்டி வைக்கிற கதை. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நமக்கு அதைச் சொன்னது எவ்வளவு பொருத்தம்! ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் சொன்னார். அதுவரை அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள் எங்களிடம் வந்து விசாரித்தார்கள்.

அதற்குப் பிறகு சுற்றத் தொடங்கிய பட்டியல்கள்தான் சிக்கல். ஒருவர் பத்துப் பெயர் அனுப்புவார், அடுத்தவர் தனக்குப் பிடித்த இரண்டைச் சேர்ப்பார், அப்புறம் விற்கிறவர் தன் சரக்கையும் நுழைப்பார். அந்தத் தம்பி கொண்டுவந்த பதினான்கில் இரண்டு, ஒரே நாவலின் இரண்டு பெயர்கள். கமல் பேசிய காணொளியைத் தேடிப் பாருங்கள். ஏன் அந்த நூலைச் சொல்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம். பெயரைவிட அந்தக் காரணம்தான் உங்களுக்கு உதவும்.

மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பார்க்காமல் வாங்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சில வருடங்களுக்கு முன் வேறொரு நடிகர், தன்னை மாற்றிய புத்தகம் என்று ஒரு பெரிய ரஷ்ய நாவலைப் பேட்டியில் சொல்லியிருந்தார். வட்டத்தில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. தமிழில் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறது, 180 ரூபாய் என்றார்கள். இருபது பிரதி சேர்த்து வாங்கினால் கழிவு உண்டு என்றதும் யோசிக்கவே இல்லை. கட்டு வந்து சேர்ந்த அன்றே பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்கூட நான் வாசித்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு இருபது பேரில் பதினொரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஆறு பேர். யாரும் குறை சொல்லவில்லை. வேலை, கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை என்று காரணம் சொன்னார்கள். தபால் துறையில் வேலை பார்க்கிற ஓர் அக்கா மட்டும் உண்மையைச் சொன்னார். "அவரு நல்ல புத்தகமாத்தான் சொல்லியிருப்பாரு தம்பி. நமக்குத்தான் எட்டல. படிச்சவங்க படிக்க வேண்டியதுபோல" என்று புத்தகத்தைத் திருப்பி மேஜையில் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த அக்கா அதற்கு முந்தைய மாதம்தான் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை நான்கு நாளில் முடித்து, அதிலே வருகிற வீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர். அவருக்கு எட்டாத நாவலா?

எங்கள் வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாவட்ட மைய நூலகத்திலிருந்து அதன் ஆங்கிலப் பதிப்பை எடுத்துவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தோம். ஆங்கிலத்தில் எண்ணூறு பக்கத்துக்கு மேல். எங்கள் கையில் இருந்தது பெரிய எழுத்தில் 240 பக்கம். அத்தியாயம் அத்தியாயமாகக் காணோம். இரண்டாம் பாகத்தில் வருகிற ஒருவர் யார் என்றே தெரியவில்லை, ஏனென்றால் அவர் அறிமுகமாகும் இடத்தை வெட்டியிருந்தார்கள். சுருக்கம் என்று அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. மிச்சமிருந்த தமிழும் வாசிக்கிற மாதிரி இல்லை. 'அவன் தன் மனத்தை உண்டாக்கிக்கொண்டான்' என்கிற ரகம். முடிவெடுத்தான் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

காசு போனதை மறந்துவிட்டேன். ஓட்டைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதினாலு பேர் தங்களுக்குத்தான் அறிவு போதாது என்று முடிவு செய்து போய்விட்டார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஐந்து பேர் திரும்ப வந்தார்கள். மற்றவர்கள் இன்றுவரை வரவில்லை.

அதனால் மொழிபெயர்ப்பு நூல் எதுவானாலும் கடையிலேயே நின்று மூன்று விஷயம் பாருங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் மூல நூலின் பெயரும் இருக்கின்றனவா? மூலமொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்பதும் அங்கேயோ முன்னுரையிலோ இருக்கும். ஆங்கிலம் வழியாக வந்தால் மட்டம் என்று சொல்லவில்லை, அருமையானவை நிறைய உண்டு. ஆனால் காம்யுவின் 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். அதை ஒரு தடவை வாசித்தால், மொழிபெயர்ப்பில் ஒரு குரல் எப்படி ஒலிக்க முடியும் என்று காதுக்குப் பிடிபடும்.

அப்புறம் பக்க எண்ணிக்கை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது பொதுவாகப் பக்கம் கூடும். பாதிக்கும் கீழே குறைந்திருந்தால் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைசியாக, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, உதட்டை அசைத்து வாசியுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அதை எல்லோரும் மெருகேற்றி வைத்திருப்பார்கள். நூறாம் பக்கத்தில் மூச்சு முட்டாமல் ஒரு பத்தியைத் தாண்ட முடிந்தால் வாங்கலாம்.

அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி வாசகர் மன்றத்துக்கு 2004-ல் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வைத் தேர்ந்தெடுத்தபோது, ரிச்சர்ட் பெவியரும் லரிசா வொலகோன்ஸ்கியும் செய்த மொழிபெயர்ப்பைத்தான் முன்வைத்தார். நாவலோடு மொழிபெயர்ப்பும் ஒரு தேர்வு என்பது அங்கே தெளிவாக இருந்தது. இங்கே நம் நட்சத்திரங்கள் நூலின் பெயரை மட்டும் சொல்லும்போது, மீதி வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

மொத்தமாக வாங்குவது

ஒன்றை வாங்குங்கள். முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

முதல் ஐம்பது பக்கத்தில் கைவிடுவது

'புயலிலே ஒரு தோணி'யைத்தான் அதிகம் பேர் இப்படிக் கைவிடுகிறார்கள். ஜப்பானியப் படை சுமத்ராவின் மேடான் நகரத்துக்குள் வருவதில் நாவல் தொடங்குகிறது. மலாய்ச் சொற்கள், தெருப் பெயர்கள், வட்டிக்கடைத் தமிழர்களின் பேச்சு எல்லாம் ஒரேயடியாக மேலே விழும். சிங்காரம் எதையும் நிறுத்தி விளக்க மாட்டார். அவரே அங்கே வேலை பார்த்தவர், அந்தச் சந்தடிக்குள் நம்மைக் கைபிடிக்காமல் இறக்கிவிடுகிறார்.

புரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். சந்தைக்குள் நடக்கும்போது எல்லாக் குரலுக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டா நடக்கிறோம்? நாவலின் நாயகன் பாண்டியன் நம்மூர் நினைவுகளுக்குள் போகிற இடம் வரைக்கும் வந்துவிட்டால் அப்புறம் கீழே வைக்க மாட்டீர்கள். இது 1972-ல் நூலாக வந்தது. எழுதியவர் வாழ்ந்த காலத்தில் பெரிய கவனம் கிடைக்கவில்லை. இத்தனை வருடம் காத்திருந்த நாவலுக்கு நாம் ஐம்பது பக்கம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆனால் எல்லா நூலுக்கும் இந்தப் பொறுமை தேவையில்லை. நூறு பக்கம் தாண்டியும் ஒட்டவில்லையென்றால் மூடி வையுங்கள். குற்றவுணர்ச்சி வேண்டாம்.

சொன்னவர் பெரியவர் என்பதால் எல்லாம் சரியென்று எடுத்துக்கொள்வது

அதே ஓப்ரா 2005-ல் ஜேம்ஸ் ஃப்ரே என்பவர் தன் போதைப் பழக்கத்தைப் பற்றி எழுதிய தன்வரலாற்று நூலைத் தேர்ந்தெடுத்தார். பிரதிகள் லட்சக்கணக்கில் போயின. 2006 ஜனவரியில், அதில் பல சம்பவங்கள் ஊதிப் பெருக்கியவை, புனைந்தவை என்று வெளிவந்தது. முதலில் எழுத்தாளருக்காகப் பேசிய ஓப்ரா, பிறகு அவரைத் தன் நிகழ்ச்சிக்கே அழைத்து, பார்வையாளர் முன்னால் கேள்வி கேட்டார். தான் ஏமாந்ததை ஒளிக்கவில்லை, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நல்ல வாசகருக்கும் இது நடக்கும். வாசிக்கும்போது உங்கள் சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாததைத் தொடாமல் இருப்பது

அந்தத் தம்பியிடம் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். தெற்கு பஜார் பக்கம் ஒரு அறை என்றான். வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' தெரியுமா என்றேன். "தெரு தெரியும் அண்ணாச்சி, அந்தப் பேர்ல புத்தகமுமா இருக்கு?" என்றான்.

சின்ன நாவல். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுவாரம் வரும்போது, ராத்திரியே முடித்துவிட்டு அந்தத் தெருவில் ஒரு முறை நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னான். பிறகு செல்போனை எடுத்து, பதினான்கு பெயரில் முதலாவதாக எதை வாங்கலாம் என்று கேட்டான்.