லேபிளுக்கு முன் மேட்ரிக்ஸ்: பிரிட்டிஷ் புளூஸ்-ராக் முதல் பிரஸ்ஸிங் வாங்கப் போகிறவர்களுக்கு

ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழு எரிக் கிளாப்டனோடு சேர்ந்து டெக்கா என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்குச் செய்த எல்பி 1966 ஜூலையில் வெளிவந்தது. அட்டையில் கிளாப்டன் பீனோ என்ற சித்திரக்கதை இதழைக் கையில் வைத்திருப்பார். அதனால் சேகரிப்பவர்கள் அதைப் பீனோ ஆல்பம் என்றே சொல்வார்கள். இங்கிலாந்தில் நடந்த ஒரு ரெக்கார்டு சந்தையில் அதன் பிரதி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "1966, முதல் பிரஸ்ஸிங்" என்றார் விற்றவர்; அதாவது ஆல்பம் முதலில் வெளிவந்தபோதே அழுத்திய தட்டு. தட்டின் நடுவில் நீலக் காகித லேபிள், அதன் மேலே ஸ்டீரியோ என்று அச்சு. 140 பவுண்டு கொடுத்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1966இல் அந்த ஆல்பம் மோனோவில் மட்டுமே வந்தது: எல்கே 4804, சிவப்பு லேபிள். எஸ்கேஎல் 4804 என்ற ஸ்டீரியோ பதிப்பு 1969இல்தான் வந்தது. என்னிடம் இருந்தது உண்மையான டெக்கா தட்டுதான், ஆனால் மூன்று வருடம் பிந்தியது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும், தட்டையே படித்துப் பார்க்காமல் நான் பணம் எடுப்பதில்லை. எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது லேபிளும் அல்ல, அட்டையும் அல்ல. கடைசிப் பாட்டுக்கு ஊசி ஓடும் வரிகள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் அதில் எழுத்தும் எண்ணும் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். அட்டையை மாற்றிவிடலாம், உள் உறையை மாற்றிவிடலாம். இந்த எண் தட்டோடு பிறந்தது, அதை மாற்ற முடியாது.

அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் படிப்பது சுலபம். டேப்பிலிருந்து ஒலியை முதலில் ஒரு லாக்கர் தகட்டில் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக மாஸ்டர், மாஸ்டரிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பர்தான் வினைலை அழுத்துவது. ஒரு ஸ்டாம்பர் தேய்ந்தால் அதே மதரிலிருந்து இன்னொன்று எடுப்பார்கள்.

டெக்காவில் மோனோ தட்டின் மேட்ரிக்ஸ் ஏஆர்எல் என்றும், ஸ்டீரியோ இசட்ஏஎல் என்றும் தொடங்கும். கடைசியில் 1ஏ, 2கே என்று ஓர் எண்ணும் எழுத்தும் வரும். எண் எத்தனையாவது வெட்டு என்பதையும், எழுத்து, ஒலியை வெட்டிய பொறியாளர் யார் என்பதையும் குறிக்கும். வளையத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி இடத்தில் மதர் எண், மூன்று மணி இடத்தில் ஸ்டாம்பர் எழுத்து. அந்த எழுத்துகள் பக்கிங்ஹாம் என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகள். பி என்றால் 1, யு 2, சி 3 என்று போய், கடைசி எம் என்றால் 0. இஎம்ஐ நிறுவனம் இதற்கு கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து எடுத்த பத்து எழுத்துகளை வைத்திருந்தது: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8, டி 9, டி 0. கடைசி இரண்டும் தமிழில் ஒன்றுபோல் ஒலிக்கும். முதலில் வருவது லிமிடெட்டின் நடுவில் உள்ள டி, அடுத்தது அதன் முடிவில் உள்ள டி. இஎம்ஐயின் கொலம்பியா லேபிளில் வந்த ஜெஃப் பெக்கின் ட்ரூத் போன்ற ஆல்பங்களை இதை வைத்துப் படிக்கலாம்.

இந்தச் சங்கேதத்தை முதல் முறை நானே படித்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நியூ மால்டன் ஆலையில் அந்தத் தட்டு எந்த மதரின் எந்த ஸ்டாம்பரில் அழுத்தப்பட்டது என்பதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல முடிகிறது! இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இன்றும் இல்லை.

சரி, அடுத்தது லேபிள். லேபிளில் அச்சிட்ட ஆண்டு அந்தப் பதிவு முதலில் வெளியான ஆண்டு. அந்தத் தட்டு எந்த ஆண்டில் அழுத்தப்பட்டது என்பதை அது சொல்லாது. அதற்கு லேபிளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். டெக்காவில் பழைய லேபிளில் நிறுவனப் பெயரைச் சுற்றிக் கட்டம் இருக்காது. 1970 வாக்கில் கட்டம் வந்துவிட்டது. ஐலண்ட் நிறுவனத்தில் இளஞ்சிவப்பு லேபிளிலேயே மூன்று வகை: முதலில் கண்விழி போன்ற சின்னம், பிறகு கறுப்புக் கட்டச் சின்னம், அப்புறம் பெரிய வெள்ளை ஐ எழுத்து. அதன் பிறகு பனைமரப் படமும் இளஞ்சிவப்பு விளிம்பும் உள்ள லேபிள் வந்தது. ஃப்ரீ குழுவின் 1970ஆம் ஆண்டு ஃபயர் அண்ட் வாட்டர் வாங்கினால் வெள்ளை ஐ இருக்க வேண்டும். பனைமரம் இருந்தால் அது மறுஅச்சு. இஎம்ஐ லேபிளின் ஓரத்தில் கிராமஃபோன் கம்பெனி என்று இருந்த வாசகம் 1973இல் இஎம்ஐ ரெக்கார்ட்ஸ் என்று மாறியது.

லெட் செப்பெலின் தனிக் கதை. முதல் ஆல்பம், அட்லாண்டிக் 588171, 1969. பிரிட்டனில் முதலில் வந்த அட்டைகளில் குழுவின் பெயர் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது; சீக்கிரமே ஆரஞ்சாக மாற்றிவிட்டார்கள். அந்த நீலப்பச்சைக்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள். அதனால் போலி அட்டைகளும் உண்டு, பழைய அட்டையில் பிந்திய தட்டைச் செருகி விற்பவர்களும் உண்டு. தட்டில் சிவப்பும் பிளம் நிறமும் கலந்த லேபிள் இருக்க வேண்டும். பச்சை-ஆரஞ்சு லேபிளும் கே என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் அது 70களின் மறுவெளியீடு. இரண்டாம் ஆல்பத்தின் ஆரம்பப் பிரதிகள் சிலவற்றில் லிவிங் லவிங் மெய்ட் என்ற பாட்டின் பெயரே லிவிங் லவிங் ரெக் என்று தவறாக அச்சாகியிருக்கும். அந்தப் பிழை இருந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள்.

அட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 60களின் பிரிட்டிஷ் அட்டைகள் பலவற்றில் முன்பக்கம் பளபளப்பான லேமினேஷன் இருக்கும். அதன் ஓரங்கள் பின்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருக்கும். மடிப்பு வெளியே தெரியாத அட்டை என்றால் அது பிந்தியதா என்று சந்தேகப்படுங்கள்.

தட்டின் நிலையைப் பார்ப்பதுதான் கஷ்டம். பழைய கனமான ஊசிகளால் தேய்ந்த வரி கண்ணுக்குப் பளபளப்பாகவே தெரியும். நான் முதலில் நடு ஓட்டையைச் சுற்றிப் பார்ப்பேன். ஓட்டையைத் தடவித் தடவிக் பிளேயரின் நடுக்கம்பியில் மாட்டியிருந்தால் லேபிளில் மெல்லிய கோடுகள் சிலந்தி வலை போல விழுந்திருக்கும். கோடுகள் அதிகம் என்றால் ஓட்டியதும் அதிகம். ஒலித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் முதல் பாட்டைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். உள்வட்டத்தில்தான் தேய்மானம் கரகரப்பாக வெளிப்படும். பீனோ ஆல்பம் என்றால் இரண்டாம் பக்கத்து ஹாவ் யூ ஹர்ட் பாட்டையும் போடுங்கள். கிளாப்டனின் கிட்டார் உச்சத்தில் கிழிந்தால் அதை விட்டுவிடுங்கள். மோனோ தட்டை மோனோ பொத்தானை அழுத்திக் கேட்டால் பாதி இரைச்சல் அடங்கிவிடும். முதலில் அழுத்தாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

தரக் குறியீடுகளில் வெரி குட் என்பதைப் படித்து ஏமாற வேண்டாம். ஒலிக்கும்போது பாட்டோடு கரகரப்பும் இரைச்சலும் நன்றாகவே கேட்கும் என்பதுதான் அதன் பொருள். நான் அதற்கு மேல்தரமான எக்ஸலன்டுக்குக் கீழே இறங்குவது, வேறு வழியே இல்லாத அரிய தட்டுக்கு மட்டும்தான். மைக் வெர்னனின் புளூ ஹொரைசன் நிறுவனத்தில் 1968இல் வந்த ஃப்ளீட்வுட் மேக்கின் முதல் ஆல்பத்துக்கு அப்படி இறங்கினேன், வருத்தமில்லை.

இணையத்தில் வாங்கினால் இரு பக்கத்து மேட்ரிக்ஸையும் படமாகக் கேளுங்கள். ஓட்டிப் பார்த்துத் தரம் போட்டாரா, கண்ணால் பார்த்தாரா என்றும் கேளுங்கள். பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், 2013 விதிகளின்படி கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அது கிடையாது.

கையில் காசு குறைவா? இரண்டாவது லேபிள் வகையைத் தேடுங்கள். லேபிள் மாறிய பிறகும் பழைய மதரிலிருந்தே அழுத்திய பிரதிகள் உண்டு. இரண்டிலும் மேட்ரிக்ஸ் ஒரேமாதிரி இருந்தால் வெட்டும் அதேதான், விலையோ பாதிக்கும் குறைவு. என்னிடம் இப்படி இருபதுக்கு மேல் இருக்கின்றன.

வாங்கிய தட்டைக் கழுவாமல் ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். பழைய காகித உள் உறையை அட்டைக்குள்ளேயே வைத்துவிட்டு, தட்டைப் பாலித்தீன் உறைக்கு மாற்றுங்கள். வெளி உறைக்குப் பிவிசி வேண்டாம்; வருடக்கணக்கில் அது தட்டில் மங்கலான படலத்தை உண்டாக்கும். செங்குத்தாக நிறுத்துங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

சிவப்பு லேபிள் எல்கே 4804 எனக்கு ஆறு வருடம் கழித்து, ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் கிடைத்தது. அதே வாரம் நீல லேபிளையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். நீலத்தை விற்கவில்லை, இரண்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.