டம்மி விரிந்ததும் உடனே ஆடாதீர்கள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நீங்கள் டிக்ளரர் (ஏலத்தில் வென்ற அணிக்காக ஆடுபவர்) என்றால், டம்மி (மேசையில் திறந்து வைக்கப்படும் உங்கள் கூட்டாளியின் சீட்டுகள்) விரிந்ததும் கையிலுள்ள சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். மூச்சை நிதானமாக வெளியே விட்டு எண்ணுங்கள்: நோ டிரம்ப்பில் (துருப்பு இல்லாத ஆட்டத்தில்) உறுதியாக வெல்லும் ட்ரிக்குகள் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்றுகள்), டிரம்ப் (துருப்பு) ஆட்டத்தில் இழக்கக்கூடியவை. 3 நோ டிரம்ப் என்று ஏலம் எடுத்திருந்தால் 9 ட்ரிக் வேண்டும். 7தான் இருக்கிறது என்றால் மீதி 2 எங்கிருந்து வரும் என்று முடிவான பிறகே டம்மியிலிருந்து சீட்டைக் கேளுங்கள்.

போன போர்டில் (முந்தைய சீட்டுப் பங்கீட்டில்) விட்ட ட்ரிக் மனதில் ஓடும்போதுதான் முதல் சீட்டு அவசரமாக விழுகிறது. எண்ணத் தொடங்கினால் கவனம் தானாக இந்தப் போர்டுக்கு வந்துவிடும். சுலபமான போர்டிலும் இதே இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் யோசிப்பதே எதிரணிக்குத் துப்பாகிவிடும்.

டிக்ளரரைத் தடுக்கும் அணியில் ஆடும்போது, யோசிக்க எதுவும் இல்லாத இடத்தில் இந்த இடைவெளி கூடவே கூடாது. ஆட வேண்டிய இனத்தில் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு தயங்கினால் டிக்ளரரை ஏமாற்றுவதாகும். பிரிட்ஜ் விதி 73 அதை அனுமதிப்பதில்லை.