பழைய றலியில் கொட்டர் பின் கழற்றுவது எப்படி?

எனக்கு ட்ரக் சைக்கிள் பைத்தியம். பிறேக்கும் இல்லாமல் பிறீவீலும் இல்லாமல், மெல்லிய உருக்குக் குழாயில் செய்த அந்தப் பந்தயச் சைக்கிள்களைப் படத்தில் பார்த்தே காலம் போகிறது. ஜப்பானில் 1948 இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் ஆண்கள் இன்றைக்கும் உருக்குப் பிறேமில்தான் ஓடுகிறார்கள். கிளிநொச்சியில் அதற்கு எங்கே போவது? கொட்டிலில் கிடந்த அப்பப்பாவின் றலி (Raleigh) சைக்கிளை இழுத்து வெளியே எடுத்தேன்.

மூட்டில் இருந்த துருவை உரசினால், குழாய்களை இணைக்கும் உறையான லக்கின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது. குழாயை லக்குக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை ஓடவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். பித்தளை ஏறக்குறைய 900 பாகையில் உருகும். உருக்கு உருக 1,400க்கு மேல் வேண்டும். குழாய் உருகாமலே ஒட்டு விழுகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் நெல்மூட்டையும் விறகும் ஏற்றிய பிறேம் இது. வெடிப்பு இருந்தால் தயவுசெய்து ஆர்க் வெல்டிங்குக்குக் கொண்டு போகாதீர்கள். காஸில் பித்தளை வைக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

முதலில் நூல் சோதனை. ஹாண்டில் குழாயைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, இரண்டு நுனியையும் பின்சில்லு பூட்டும் இடங்களில் இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கு இரு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருந்தால் பிறேம் நேர். சில்லு, செயின், மட்காட் கழற்றுவதைச் சொல்லத் தேவையில்லை.

இனித்தான் வில்லங்கம். பெடல் பூட்டியிருக்கும் கையான கிராங்கை நடு அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு, கொட்டர் பின். நான் நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, பாலைக் குற்றியை அண்டைகொடுத்து, சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டுத் தட்டினேன். பின் அசையவில்லை, புரிதான் காளான்போல் விரிந்தது. கடைசியில் லேத் கடையில் துளைத்து எடுத்தோம்.

சரியான முறை இது. மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் பாதிக்குப்பாதி கலந்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். விலை கூடிய ஸ்பிறேயில் எனக்கு நம்பிக்கை இல்லை. நட்டைத் தளர்த்தி, பின்னின் நுனியும் நட்டின் மேல்பக்கமும் சமமாக வரும்போது நிறுத்துங்கள். பின்னின் தலை உள்ளே இறங்கக்கூடிய இரும்புக் குழாய்த் துண்டொன்றைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, கிராங்கை அதன்மேல் இருத்துங்கள். மரம் அடியைக் குடித்துவிடும்; குழாய் குடிக்காது. பிறகு இரண்டு கிலோச் சுத்தியலால் ஒரே அடி. தயங்கித் தட்டினால் என் கதைதான்.

புதுப் பின் வாங்கப் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இங்கிலாந்துச் சைக்கிளுக்கு 9.5 மில்லிமீற்றர், 9 உம் விற்கிறார்கள். பூட்டும்போது ஒரு கிராங்கின் நட் மேலே பார்த்தால் மற்றதன் நட் கீழே பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் பெடல் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. பரந்தன் சந்தி வரை ஓடிவிட்டு வந்து, கொட்டர் பின்னுக்கு இன்னொரு தட்டு, நட்டுக்கு இன்னொரு இறுக்கு.

பின்னர் சேர்த்தது: கிராங் அச்சின் போல்ஸ் உருளும் வலதுபக்கக் கப் கழரவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அதற்குப் புரி எதிர்ப்பக்கம். மணிக்கூடு சுற்றும் பக்கம் திருப்பினால் கழரும். பழைய கப்பை எறிந்துவிடாதீர்கள், மற்றச் சைக்கிளின் கப் இதற்குப் பொருந்தாது. றலிக்கு அங்குலத்துக்கு 26 புரி, மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்களுக்கு 24. போல்ஸ் (உருக்குக் குண்டுகள்) மட்டும் புதிதாகப் போடுங்கள்: கால் அங்குலம், பக்கத்துக்குப் 11.