மெயில் சர்வருக்கு முன்னால் ஸ்பாம் ப்ராக்ஸி: மீன்பிடித் தடைக்காலத்தில் செய்த வேலை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனிக்குக் கணினி வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாளில் மெயிலும் குறைவு. சர்வரில் கைவைக்க அதுதான் நேரம்.

எங்கள் மெயில் சர்வரில் ஓடும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். அதற்கு முன்னால், வரும் மெயிலை வாங்கி ஸ்பாமை வடிகட்டி உள்ளே அனுப்பும் ஏஎஸ்எஸ்பி என்ற இலவச ப்ராக்ஸியைக் காவலுக்கு வைத்தேன். ஏன் முன்னால்? நண்டு வாங்குகிறவர் எடைபோடுமுன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சதை இல்லாததை அங்கேயே ஒதுக்கிவிடுவார். எடைபோட்டு வாங்கிவிட்டால் நட்டம் அவருக்கு. சர்வர் 250, அதாவது ‘சரி’ என்ற எண்ணைச் சொல்லி மெயிலை ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பினாலும் இதே கதைதான்: அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி, திரும்பும் மெயில் (பவுன்ஸ்) யாரோ ஒரு அப்பாவிக்குப் போகும். வாசலிலேயே 550, அதாவது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அந்த வம்பே இல்லை.

முதலில், வெளியிலிருந்து மெயில் வந்து சேரும் 25-ஆம் போர்ட்டை ப்ராக்ஸிக்காகக் காலி செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் (master.cf) கோப்பில் எஸ்எம்டிபி ஐநெட் (smtp inet) என்று தொடங்கும் வரியின் முதல் சொல்லை எடுத்துவிட்டு 127.0.0.1:125 என்று எழுதி, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் துவக்குங்கள். அப்புறம் ஏஎஸ்எஸ்பி. அதன் அமைப்புப் பக்கம் 55555 போர்ட்டில் திறக்கும். வேறெதையும் தொடுமுன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேட்கும் போர்ட் 25, ஒப்படைக்கும் இடம் 127.0.0.1:125, உள்ளூர் டொமைன் உங்களுடையது. அவ்வளவுதான்.

நான் வழுக்கியது இதற்குப் பிறகு. ப்ராக்ஸி வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் எல்லா இணைப்பும் 127.0.0.1-இலிருந்து, அதாவது அதே கணினியிலிருந்து வருவதாகத் தெரியும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது வீட்டு ஆள்; எங்கே அனுப்பச் சொன்னாலும் அனுப்பும். சோதனைக்காக ப்ராக்ஸியின் ரிலே அனுமதியையும் (வெளியார் நம் வழியே பிறருக்கு மெயில் அனுப்பும் அனுமதி) திறந்து வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் வரிசையில் ஆயிரக்கணக்கான மெயில், எங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில். முதலாளி அனுப்பிய விலைப்பட்டியல் மூன்று நாள் போய்ச் சேரவில்லை. அதனால் அந்த 125 வரிக்கு மட்டும் ரிலே விதியில் வீட்டு ஆளை அப்படியே விடும் பெர்மிட்_மைநெட்வொர்க்ஸை (permit_mynetworks) எடுத்துவிடுங்கள்; பாஸ்வேர்டு கொடுத்து நுழைபவர்களும் நம் டொமைனுக்கு வரும் மெயிலும் போதும். அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையையும் போஸ்ட்ஃபிக்ஸில் நிறுத்திவிட்டு ப்ராக்ஸியில் வையுங்கள். உண்மையான ஐபி அதற்குத்தான் தெரியும்.

வெளியே போகும் மெயிலையும் ப்ராக்ஸி வழியே விட்டால், நாம் எழுதுகிற முகவரிகளைத் தானே வெள்ளைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். வெளிநாட்டு வாங்குவோரின் பதில் சிக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் சில வாரம் சோதனை முறையிலேயே ஓட்டுங்கள். ஸ்பாம் என்று பட்டதைத் தடுக்காமல் தலைப்பில் குறி மட்டும் போடும். தவறாகக் குறி விழுந்ததைக் கணக்கு பார்க்கும் அக்கா ஏஎஸ்எஸ்பி-நாட்ஸ்பாம் முகவரிக்கு ஃபார்வர்டு செய்வார், தப்பி வந்ததை ஏஎஸ்எஸ்பி-ஸ்பாமுக்கு. இரவில் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும்போது ப்ராக்ஸி அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும். ஜூன் 14 ராத்திரி, படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சோதனை முறையை எடுத்துவிட்டேன்.