கிரானிட்ஸ் வேட்டை மாளிகைக் கோபுரம்: ஏறுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் ரூகன் தீவில், பீச் (beech) மரக் காட்டுக்கு நடுவே 107 மீட்டர் உயரக் குன்றின் மேல் இருக்கிறது கிரானிட்ஸ் வேட்டை மாளிகை. புட்புஸ் இளவரசர் வில்ஹெல்ம் மால்டே 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பாகிவிட்டது. ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையே ஒவ்வொரு கூட்டமும் மறுபடி அடிக்கிறது. தண்ணீர், தொப்பி பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

வாசல் வரை காரில் போகலாம் என்ற நினைப்பு

முடியாது. நடங்கள், இல்லையென்றால் பின்ஸ் ஊரிலிருந்து வரும் சுற்றுலா வண்டியைப் பிடியுங்கள்.

படிக்கட்டைப் பார்க்காமலே ஏறத் தொடங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மாளிகையின் நடுமுற்றத்தில் எழுப்பிய 38 மீட்டர் கோபுரம் அது, கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்தது. உள்ளே 154 வார்ப்பிரும்புப் படிகள். நடுவில் தாங்கு தூண் கிடையாது. சுவரைப் பற்றிக்கொண்டே சுழன்று மேலே போகும். படிகள் முழுக்கப் பூவேலைத் துளைகள். காலுக்கடியிலேயே தரை தெரியும், பக்கத்தில் எட்டிப் பார்த்தால் வெறும் பள்ளம்.

"நூத்தம்பது படிதானே, ஊதித் தள்ளிடலாம்" என்று முன்னால் போனார் நண்பர் ஒருவரின் மாமா. பாதியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மேலேயும் போகமாட்டார், கீழேயும் வரமாட்டார். ஏற இறங்க ஒரே வழி என்பதால் பின்னால் ஒரு வரிசை, எதிரே ஒரு வரிசை. "மாமா, கீழ பாக்காதீங்க, சுவத்த மட்டும் பாருங்க" என்று ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தேன். அவரோடு வந்தவர்களும் மேலே போகாமலே திரும்பினார்கள். டிக்கெட் காசும் பாதி நாளும் போயிற்று.

மூச்சு வாங்குவதெல்லாம் சின்ன விஷயம். கண்தான் காலை வாரிவிடும். அதனால் முதலில் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், முதல் சுற்று மட்டும் ஏறிப் பாருங்கள். வயிறு கலங்கினால் அங்கேயே இறங்கிவிடுங்கள். சுருள் படிகளின் அழகு கீழேயிருந்துதான் முழுசாகத் தெரியும் என்பது என் கட்சி. ஏறுகிறவர்கள் சுவர்ப் பக்கமாகவே போங்கள்.

படியில் நின்று செல்ஃபி

வேண்டவே வேண்டாம்.

குதிகால் செருப்பு

துளைப் படிகளைப் பற்றி மேலே சொன்னேனே.

பனிமூட்ட நாளில் உச்சிக்கு ஓடுவது

மேலே ஒன்றும் தெரியாது. மாளிகைக்குள் இருக்கும் பளிங்கு மண்டபத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, அப்புறம் வானம் தெளிந்தால் ஏறலாம்.

ரயிலை மட்டும் கணக்கு வைப்பது

'ராசென்டர் ரோலண்ட்' நீராவி ரயில் உங்களைக் குன்றின் அடியில் விட்டுவிடும். மாளிகைக்கு அங்கிருந்து ஏற்றம். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரமும் குறைவு, அதனால் மதியத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள்.