கூட்டத்தில் தனியாக அழும் குழந்தைக்கு உதவுவது எப்படி?

ரயில் நிலையத்திலோ திருவிழாவிலோ சின்னக் குழந்தை தனியாக அழுதால் தயங்காமல் அருகே போங்கள். உடனே தூக்காதீர்கள். தண்டவாள ஓரமோ சாலையோ என்றால் மட்டும் முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “யாரோட வந்தே கண்ணு?” என்று கேளுங்கள்.

பக்கத்துக் கடைக்காரரையோ ஒரு பெண்மணியையோ கூடவே நிற்கச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். பிள்ளை பிடிப்பவர் வதந்தி பரவிய 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். மிட்டாய் வேண்டாம், தண்ணீர் போதும்.

பத்து நிமிடமாவது அதே இடத்தில் இருங்கள். பெற்றோர் முதலில் தேடி வருவது அங்கேதான். ஒலிபெருக்கியில் சட்டை நிறத்தைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். உரிமை கோருபவர்தான் பெயர் சொல்ல வேண்டும்.

யாரும் வரவில்லையா? குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், ரயில் நிலையம் என்றால் ரயில்வே உதவி எண் 139. வீட்டுக்குக் கூட்டிப்போகவே கூடாது: 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். குழந்தை வீடு சேர்ந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒப்படைப்பதைக் காவலர் முன்னிலையில் செய்யுங்கள்.